வில்லன் வீட்டு ரேடியோ

அன்பு மகனே,

பாகூர் ஏரியின் மீதும், அந்த ஏரியை ஒரே மூச்சில் குடித்துத் தீர்க்கிறேன் என்று நான் பந்தயம் கட்டிய கோடையின் மீதும், உன் அம்மா வைக்கும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பின் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன்: இந்தக் கடிதத்தில் வரும் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை. நம்பிவிட்டால் என் பெயர் கெட்டுப்போகும். புளுகுக்கென்று ஒரு மந்திரி பதவி உண்டாக்கினால், வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் என்னைத்தான் அதில் உட்காரவைப்பார்கள் என்பது உனக்கே தெரியும். இதை உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ மெட்ராசுக்கு எடுத்துக்கொண்டு போகிற கதையை ஊர் உலகமெல்லாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கப் போகிறது. அப்படியென்றால் அந்தக் கதைக்குள் அகப்பட்டுக்கொண்டவன் எழுதும் பதிலையும் நாலு பேர் படித்துவிட்டுப் போகட்டும்.

நீ வந்து இறங்கிய சாயங்காலத்திலிருந்து தொடங்குகிறேன். கோடம்பாக்கத்தில் கிளாப் கட்டையைத் தூக்கிக்கொண்டு நின்ற காலம் முடிந்தது, உன்னுடைய கதையையே ஒரு தயாரிப்பாளர் படமாக எடுக்கப்போகிறார் என்று சொன்னாய். நான் கடைக்கு ஷட்டரை இழுத்துவிட்டேன். ரிப்பேருக்கு வந்து கிடந்த ரேடியோக்களெல்லாம் சந்தோஷத்தில் தாமாகவே பாட ஆரம்பித்தன. மூலக்குளம் ரோட்டில் வில்லியனூர் லாரிகள் அரை மணி நேரம் ஹாரன் அடிக்காமல் மரியாதையாகப் போயின. உன் அம்மா அடுப்பில் எண்ணெய் காய்வதையும் மறந்து வந்து உட்கார்ந்தாள். நீ எழுந்து நின்று, கையை ஆட்டி, பின்னணி இசையையும் வாயாலேயே போட்டுக் கதை சொன்னாய்.

"ஒரு கிராமம்பா. வயக்காட்டு ஜனங்க. அங்க ஒருத்தன், ஏழைங்களுக்காகப் பேசறவன் மாதிரி நடிச்சி, அறுப்பு நேரத்துல ஸ்ட்ரைக் பண்ண வெக்கிறான். ஆனா அவன் வூட்ல ஒரு வெளிநாட்டு ரேடியோ இருக்குது. அதுல இருந்து அந்நிய நாட்டுக்குச் சேதி போவுது. டெல்லியில இருந்து ஒரு சீக்ரெட் ஏஜென்ட் வர்றாரு. அவருதான் ஹீரோ."

"அந்த நெலத்துக்காரரு?" என்று கேட்டேன்.

"அவரு நல்லவருப்பா. அவரு பொண்ணுதான் ஹீரோயின்."

உன் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அப்ப இன்னாடா, உங்க அப்பன ஹீரோ கொன்னுடறானா?"

"அப்பா இல்லம்மா, அது கேரக்டரு. கடைசி ரீல்ல ஹெலிகாப்டர்ல இருந்து வுழுவான்."

"அவருக்கு ஏணியில ஏறனாவே தல சுத்தும். ஹெலிகாப்டர்ல யாரு ஏத்தனது?"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். என்ன பேசினாலும் கடைசியில் சிரிக்கிற ஆள் என்று பெயர் வாங்கிவிட்டால் இது ஒரு தொல்லை, சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அன்றைக்குத் தட்டில் போட்ட சோறு தட்டிலேயே இருந்ததை நீ பார்க்கவில்லை. மகனே, என்னை இந்த வாழ்க்கையில் இரண்டு தடவை விற்றிருக்கிறார்கள். முதல் தடவை விற்றவன் என் சிநேகிதன். இரண்டாவது தடவை விற்றவன் என் பிள்ளை. இரண்டு பேரும் என்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். விரோதி யாராவது வந்து விற்றுவிட்டுப் போகக்கூடாதா என்று எனக்கு ஏக்கமாகக்கூட இருக்கிறது.

கதை உனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று எனக்குத் தெரியாதா? ரேடியோவையும் வேலைநிறுத்தத்தையும் ஊர் வாயில் கேட்டிருப்பாய், மற்றதை நான்தான் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் ஒருநாள் சட்டைப் பித்தான் அறுந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றாய். "ஸ்பை மவன், ஸ்பை மவன்னு கூப்புடறானுங்கப்பா" என்றாய். பாகூர் பக்கத்தில் நம் பழைய ஊரான செலியமேட்டில் எனக்கு வைத்த பெயர், நான் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முன்பே பஸ் பிடித்து மூலக்குளத்தில் வந்து இறங்கியிருந்தது. உன்னை உட்காரவைத்து நடந்ததைச் சொல்லியிருக்கலாம். உன் வயசுக்கு அது தாங்காது என்று நினைத்தேன். அதனால், "ஆமாண்டா, உங்கப்பன் ஸ்பைதான். சும்மா ஸ்பை இல்ல, ஏழு நாட்டுக்கு ஸ்பை. ஒரு நாட்டுக்குத் தெரியாம இன்னொரு நாடு சம்பளம் குடுத்துது" என்றேன். பாகூர் ஏரிக்குள் நீர்மூழ்கிக் கப்பல் வந்து எனக்காகக் காத்திருந்ததையும், முருங்கைக்காய்க்குள் சேதியை வைத்துச் சந்தைக்கு அனுப்பியதையும், மழைக்காலத்தில் தவளைகள் கத்துவது நான் சொல்லிக்கொடுத்த சங்கேத மொழிதான் என்பதையும் அன்றைக்கே உருவாக்கினேன். மறுநாள் நீ போய் வகுப்பில் சொன்னாய். கிண்டல் செய்த பையன்கள் உன் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்கள். பிறகு நீ கேட்கும்போதெல்லாம் கதைக்கு ஒரு மாடி கட்டினேன். என் அவமானத்தை வெல்லப்பாகில் தோய்த்துத் தோய்த்து உனக்கு ஊட்டினேன். தித்திப்பு மட்டும் உன் நாக்கில் நின்றுவிட்டது.

ஆகவே வெல்லம் போடாமல் இப்போது சொல்கிறேன். கொஞ்சம் உப்பு கூடுதலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

ஒற்று வேலை பார்ப்பதற்கு நம்முடைய இடம் மாதிரி வசதி உலகத்திலேயே கிடையாது. சினிமாவில் எல்லை என்றால் பனிமலை, முள்வேலி, ஓநாய். நமக்கு எல்லை ஒரு வரப்பு. பிரெஞ்சுக்காரன் இருந்த நாளில் உன் தாத்தா பிரான்சு தேசத்தில் நாற்றைப் பறித்து, வரப்பைத் தாண்டி இந்தியாவில் நட்டுவிட்டு, மத்தியானக் கூழுக்குத் திரும்பவும் பிரான்சுக்கு வந்து சேருவார். அவருடைய பாஸ்போர்ட் தோளில் கிடந்த துண்டுதான். அந்நிய நாடு, அந்நிய நாடு என்று படத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார்களே, கொஞ்ச நாள் முன்பு வரை அந்த அந்நிய நாடு நாம்தான். என் பெரியப்பா ஒருத்தர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரைக்கும் போய்வந்தவர். ஊரில் அவருக்குச் 'சொல்தா' என்றே பெயர். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்கள். என் கல்யாணத்துக்கு அவர் கொடுத்ததுதான் அந்த ரேடியோ. முன்பக்கத்தில் நீளமாக ஒரு கண்ணாடி. எந்த ஊர் நிலையம் எங்கே கிடைக்கும் என்று அந்தக் கண்ணாடியில் பிரெஞ்சு எழுத்தில் ஊர்ப் பெயராக அச்சடித்திருக்கும். பாரீஸ், ரோம், மாஸ்கோ என்று வரிசையாகப் போகும். அதில் ஒரு ஊரும் எனக்குக் கிடைத்தது இல்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் சினிமாப் பாட்டும், புயல் வருமா வராதா என்கிற சேதியும்தான்.

இனி தேசிங்கு. நீ தேசிங்கு மாமா என்று கூப்பிடுகிறாயே, பொங்கலுக்குப் பொங்கல் புது அரிசி மூட்டையோடு வந்து இறங்குகிறானே, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சினிமாக் கொட்டகைக்குப் போவானே, அவனேதான். செலியமேட்டில் வயல்வேலை செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தபோது நானும் அவனும்தான் முன்னால் நின்றோம். அவன் வாய், நான் மூளை என்று பேச்சு. உண்மையில் என் மூளை அவன் வாயில் பாதிகூட இருக்காது. இரண்டு விரலை வாயில் வைத்து அவன் ஒரு விசில் அடித்தால் ஏரியிலிருக்கும் நாரைகள் கிளம்பிக் கடலூரில் போய் இறங்கும். துப்பறியும் படம் எந்தக் கொட்டகைக்கு வந்தாலும் இரண்டு பேரும் போவோம். திரும்பி நடந்து வரும்போது படம் முழுவதையும் வழியிலேயே நடித்து முடிப்போம். அவன் எப்போதும் ஹீரோ. நான் எப்போதும் வில்லன். எனக்கு வில்லன் சிரிப்பு நன்றாக வரும். வயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையில் உருண்டு, வரப்பு நண்டெல்லாம் வளைக்குள் ஓடும்படி சிரிப்பேன். அதற்காகவே எனக்கு அந்த வேஷம் கிடைத்தது.

ஒரு அறுவடையின்போது கூலியாக அளக்கும் நெல்லில் ஒரு மரக்கால் கூட்டிக் கேட்டோம். ஊரில் பெரிய நிலம் மேட்டுவூட்டு ஐயாவுடையது. அவர் முடியாது என்றார். நாங்கள் அரிவாளைக் கூரை இறவாணத்தில் செருகிவிட்டு உட்கார்ந்துவிட்டோம். கதிர் முற்றித் தலை சாய்ந்துகொண்டிருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கத்து ஜனங்களும் நமக்காக வேலைக்கு வர மறுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சநாள் தள்ளினால் நெல் வயலிலேயே உதிர்ந்துவிடும். ஐயாவுக்கு அது தெரியும், எங்களுக்கும் தெரியும். அவர் வீட்டுப் பூனைகூட எங்களைப் பார்த்தால் வணக்கம் வைத்துவிட்டுப் போன நேரம் அது. அப்போதுதான் அவருடைய கணக்குப்பிள்ளை குடையைச் சுழற்றிக்கொண்டு வந்து, களத்துமேட்டில் வெள்ளைத்துணி கட்டி ஊருக்கே இலவசமாகச் சினிமா காட்டப்போவதாகச் சொன்னார். "கூலிச் சண்ட கூலியோட இருக்கட்டும்பா. சினிமாவுல இன்னா கோவம்?" என்றார்.

சங்கத்தில் கூடிப் பேசினோம். போகலாமா, கூடாதா? கிழவர்கள் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். தேசிங்கு எழுந்து ஒரே வார்த்தையில் முடித்துவைத்தான். "படம் யாரு காட்னா இன்னா, ஹீரோ நம்ம ஆளுதான?"

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஹீரோ நம்ம ஆள் இல்லை என்று அதுவரை எனக்குத் தோன்றியதே கிடையாது.

பொழுது சாய்ந்து இருட்டு கட்டியதும் படம் போட்டார்கள். செலியமேடு, பாகூர், பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் சேர்ந்து லட்சம் பேர். இடம் போதாமல் மாட்டின்மேல் ஆளும், ஆளின்மேல் கோழியும் உட்கார்ந்திருந்தன. ஒரு மில்லில் வேலைநிறுத்தம் என்று படம் தொடங்கியது. தொழிலாளிகளின் தலைவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையை ஓங்கி, ஏழைகளுக்காகப் பேசுகிறான். கைதட்டினோம். வீட்டுக்குப் போகிறான். சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருகுகிறான். சுவர் இரண்டாகப் பிளந்து உள்ளே ஒரு அறை. அறை முழுக்கச் சிவப்பு விளக்கு மினுக்குகிற இயந்திரம். அதில் ஒரு வெளிநாட்டு முதலாளியிடம், மில்லை மூடவைத்துவிட்டு அணையை உடைக்கிறேன் என்கிறான். களத்துமேடே மூச்சை இழுத்தது. பிறகு தொப்பி போட்ட ஹீரோ வருகிறார், மோட்டார் சைக்கிளில் வீட்டுக் கூரைமேல் ஓட்டுகிறார், தலைவனைப் பந்தாடுகிறார். கடைசியில் தொழிலாளிகளைப் பார்த்து, "உங்கள் பசியை இவன் அந்நியனுக்கு விற்றுவிட்டான்" என்கிறார். அவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பழைய கூலிக்கே மில்லுக்குள் போகிறார்கள். மில் முதலாளி வாசலில் நின்று, பட்டுத்துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டு அவர்களை மன்னிக்கிறார். நானும் தேசிங்கும் முன்வரிசையில் தோளோடு தோள் உட்கார்ந்து, கை சிவக்கத் தட்டினோம். படம் அப்படி ஓடியது. இப்போது போட்டாலும் தட்டுவேன் போலிருக்கிறது.

மறுநாள் காலை களத்துமேட்டில் சங்கம் கூடியது. மற்ற நாளில் சந்தைக்கடை மாதிரி இருக்கும். அன்றைக்கு எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் பேசியது தேசிங்கு.

"இன்னாபா, அந்த ரேடியோவ எதுக்குக் காதாண்ட ஒட்டி வச்சிக்கினு கேக்கற?"

"சத்தமா வச்சா பொண்டாட்டி திட்டுவாடா."

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"தமாசு வாணாம்" என்றான். "படத்துலயும் அவன் இப்டித்தான் தமாசாவே பேசனான்."

ரேடியோவை எடுத்துவரச் சொன்னார்கள். என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? நானே போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். எங்கிருந்து முளைத்தாரோ, கணக்குப்பிள்ளை வந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். கோயிலில் நூற்றெட்டுப் போற்றி படிக்கிற மாதிரி இருந்தது. ஒரு பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தினி ஊர்லயும் உனுக்கு ஆளுங்க இருக்குதா?" என்று கேட்டார். அதில் பாதி பயம், பாதி மரியாதை.

"வெளிநாட்டு ரேடியோன்னா இப்டித்தான் எழுதியிருக்கும், பெரியவரே" என்றேன்.

"மேட்டுவூட்டு ரேடியோவுல மெட்ராசு, திருச்சிதான் எழுதியிருக்குது" என்றார் கணக்குப்பிள்ளை, யாரையும் பார்க்காமல்.

"தொறந்து பாக்கலாம்" என்றான் தேசிங்கு. அரிவாள் முனையை வைத்து அவனே பின்பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றினான். உள்ளே சிவப்பாக ஒயர்கள். ரேடியோ என்று ஒன்று இருந்தால் அதற்குள் சிவப்பு ஒயர் இருக்கும். ஆனால் அதுவரை அங்கே ஒருத்தரும் ரேடியோவைத் திறந்து பார்த்ததில்லை. முந்தின நாள் துணியில் பார்த்ததோடு சரி. அந்தச் சிவப்பைக் கண்டதும் கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டது பார், அதில் களத்துமேட்டுப் பதரெல்லாம் பறந்து புதுச்சேரி பீச்சில் போய் விழுந்தது. மகனே, அந்த நேரத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. வந்தது வேறு எந்தச் சிரிப்பும் இல்லை. வயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையில் உருண்டு வருகிற அந்தச் சிரிப்பு. வழியெல்லாம் பழகிய சிரிப்பு. அதோடு முடிந்தது. அதற்குமேல் நான் ஹரிச்சந்திரனாகவே இருந்தாலும் செலியமேட்டில் எடுபட்டிருக்காது.

சூரியன் உச்சிக்கு வருவதற்குள் அரிவாள்கள் இறவாணத்திலிருந்து வெளியே வந்துவிட்டன. பழைய கூலிக்கே இறங்கிவிட்டார்கள். மேட்டுவூட்டு ஐயா வரப்பில் வந்து நின்று, "தெரியாம செஞ்சிட்டீங்க, போங்கடா" என்று எல்லாரையும் மன்னித்தார். துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். அவரும் படத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார். தேசிங்கைக் கூப்பிட்டு, மேஸ்திரியாக இருந்துகொள் என்றாராம். அவன் மறுத்துவிட்டான். "நாட்டுக்குச் செஞ்சதுக்குக் கூலி வாங்கறதா, வாணாங்க" என்று சொல்லிவிட்டு, குனிந்து பழைய கூலிக்கே அறுத்தான். அதை உன் அம்மா வந்து சொன்னபோதுதான் எனக்கு உள்ளே ஏதோ ஒன்று அறுந்தது. அவன் நெல்லுக்காக என்னை விற்றிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். பசி எனக்கும் தெரியும். இவன் சும்மாவே கொடுத்துவிட்டான். மனசார நம்பிக் கொடுத்தான். விலை பேசி விற்றவனிடம் போய்ச் சண்டையாவது போடலாம். பத்து வருஷம் தோளில் கைபோட்டு நடந்தவனைவிட இரண்டரை மணி நேரம் துணியில் ஆடிய நிழலை நம்பினவனிடம் என்ன பேசுவது? நாங்கள் ஊரைவிட்டு மூலக்குளம் வந்த பிறகு அவன் அரிசி மூட்டையோடு வரத் தொடங்கினான். மன்னிப்பு என்று அவன் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அரிசி மட்டும் நன்றாக வெந்தது.

நான் ரேடியோ ரிப்பேர் தொழிலுக்கு வந்ததற்கும் அதுதான் காரணம். ஒரு பெட்டியிலிருந்து சத்தம் வந்தால் அது எந்த ஒயர் வழியாக வருகிறது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாமல் போனது. அதன்பின் எத்தனையோ துப்பறியும் படங்கள் பார்த்தேன், கொட்டகையிலும், இப்போது வாடகை வீடியோ டெக்கிலும். இன்னும் பிடிக்கிறது, மறைக்க மாட்டேன். கார் பறந்தால் நானும் கூடப் பறக்கிறேன். ஆனால் பறந்துகொண்டே கீழே பார்க்கப் பழகிவிட்டேன். ரகசிய அறை எப்போதும் கூலி கேட்கிறவன் வீட்டில்தான் இருக்கிறது. முதலாளி வீட்டிலும் சுவரில் பெரிய கடிகாரம் மாட்டியிருக்கிறது. ஒரு படத்தில்கூட ஒருத்தரும் போய் அதைத் திருகிப் பார்ப்பதில்லை. நாடு என்றால் ஒரு மேப்பும் ஒரு அணையும்தான். அந்த அணைத் தண்ணீரில் நாற்று நடுகிறவள் நாட்டில் சேர்த்தி இல்லை. ஹீரோ அத்தனை கதவையும் உடைக்கிறார், ஒரு குடிசைக்கு முன் நின்று, "உனக்கு எவ்வளவு அளக்கிறார்கள்?" என்று கேட்டதில்லை. கூட்டம் என்று ஒன்று வரும். அதற்குப் பெயர் கிடையாது, புத்தி கிடையாது. கெட்டவன் பேசினால் கல்லைத் தூக்கும், ஹீரோ பேசினால் கீழே போடும். அந்தக் கூட்டத்தில் உன் தாத்தா நிற்கிறார், உன் அம்மா நிற்கிறாள். நீ படம் எடுக்கும்போது ஹீரோவை எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள். நீ கூட்டத்தைப் பார்.

பஸ் ஏறும்போது உன்னிடம் ஒன்று கேட்டேன், ஞாபகம் இருக்கும். "அந்த நெலத்துக்காரரு வூட்டுக் கடிகாரத்த ஒரே ஒரு தடவ உன் ஹீரோவத் திருகிப் பாக்கச் சொல்லுடா" என்றேன். நீ மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு, "புரொட்யூசரு அரிசி மில்லு வச்சிருக்காருப்பா" என்றாய். பஸ் கிளம்பிவிட்டது. உன் பதிலில் பொய் எதுவும் இல்லை. அதுதான் என்னை அதிகமாகக் குத்தியது. படம் யாருக்காக ஓடுகிறது என்று தேசிங்குக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

ஹெலிகாப்டரிலிருந்து நான் விழுவது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. இந்த வயசில் விழுந்தாலும் இடுப்பு பிசகும், அவ்வளவுதான். திருவாண்டார்கோயில் பக்கம் புதிதாக வந்திருக்கும் கம்பெனிகளில் உன்னோடு படித்த பையன்கள் வேலை செய்கிறார்கள். கை வெந்துபோகிறது, கையுறை கொடுங்கள் என்று கேட்டுக் கூடிப் பேசுகிறார்கள். அதில் ஒருத்தன் கடைக்கு வந்து, டேப்ரெக்கார்டரைக் கொடுத்துவிட்டு, தானும் தமாசாகவே பேசிவிட்டுப் போனான். உன் படம் வரும். அந்தக் கம்பெனிக்காரன் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் இலவசமாகக் காட்டுவான். நல்ல படமாகத்தான் எடுப்பாய், உன் கைக்கு அந்தத் திறமை உண்டு. அவர்கள் வெந்த கையாலேயே தட்டுவார்கள். மறுநாள் காலை அந்தப் பையனைச் சுற்றி நின்று என்ன கேட்பார்கள் என்று உனக்கு நான் எழுதவேண்டியதில்லை. படத்தை எடுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பிள்ளை பெயர் திரையில் வருவதைப் பார்க்க எனக்கும் ஆசை இருக்கிறது. அந்த ஆசை எனக்கு எதிராகவே நிற்கிறது. நீயே முடிவு செய்.

செலியமேடு வேண்டாமென்று அனுப்பியதால்
மூலக்குளத்துக்காரனாகிவிட்ட
உன் அப்பா

பி.கு.: ஒன்று விட்டுப்போயிற்று. நான் அளந்த புளுகையெல்லாம், நீர்மூழ்கிக் கப்பல் உட்பட, உன் கதையில் அப்படியே வைத்துக்கொண்டாய். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டதாகச் சொன்னாய்: என்னைப் பிடிக்கவந்த அதிகாரி, பிடித்த கையோடு தேம்பித் தேம்பி அழுதது. "அத மட்டும் எவனும் நம்ப மாட்டாம்பா" என்றாய். மகனே, இத்தனை வருஷமாக நான் உனக்குச் சொன்ன ஸ்பை கதையில் நிஜமாக நடந்தது அந்தச் சின்னத் துண்டு ஒன்றுதான். அதிகாரி யாரும் வரவில்லை. அழுதவன் தேசிங்கு. முதல் திருகாணியைக் கழற்றும்போதே அவன் கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது, ரேடியோவின் முதுகெல்லாம் நனைந்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து அதைப் பதமாகத் துடைத்தான். பிறகு அடுத்த திருகாணியைக் கழற்றினான்.